சாலை விபத்து இழப்பீட்டு வழக்கில் வீடியோ பதிவு: மதுரைப் பகுதியினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக விபத்து வழக்குக் கட்டுகளைக் கவனித்து வருகிறேன். அடிபட்டவரின் வீட்டார் முதன்முதலில் வரும்போது ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), எஃப்.ஐ.ஆர். நகல், ஸ்கேன் படம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். "அந்த இடத்தில் கேமரா இருந்ததா?" என்று கேட்டால், "எதிர்த்த கடையில இருந்துச்சுங்க, ஆஸ்பத்திரி அலைச்சல் முடிஞ்சு போய்க் கேட்டோம், அழிஞ்சுபோச்சுன்னுட்டாங்க" என்ற பதிலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பதில் குறைய வேண்டும் என்பதற்காகவே, வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு வழக்கும் தனித்தனி என்பதால், உங்கள் வழக்கறிஞரிடமும் கலந்துகொள்ளுங்கள்.

கடையில் கேமரா இருந்தது என்றால், எத்தனை நாளுக்குள் பதிவை வாங்க வேண்டும்?

முடிந்தால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள். கடைகளில் கேமராப் படங்களைப் பதிவு செய்துவைக்கும் டிவிஆர் பெட்டியின் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும், மிகப் பழைய பதிவை அழித்துவிட்டு அதன் மேலேயே புதிய பதிவை எழுதத் தொடங்கிவிடும். யாரும் வேண்டுமென்று அழிப்பதில்லை. பெட்டியின் வேலையே அதுதான். எத்தனை நாள் தங்கும் என்பது கேமராக்களின் எண்ணிக்கை, படத்தின் தெளிவு, டிஸ்க்கின் கொள்ளளவு ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரு கடையில் பதினைந்து நாள் இருக்கும். அடுத்த கடையில் நாலே நாளில் போய்விடும். அரசு இராசாசி மருத்துவமனை வராந்தாவில் ஒருவர் காத்திருக்கும்போது, குடும்பத்தில் இன்னொருவரை விபத்து நடந்த இடத்துக்கு அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள். வழக்கறிஞரை ஒரு மாதம் கழித்துக்கூடப் பார்த்துக்கொள்ளலாம், பதிவு அதுவரை காத்திருக்காது.

அப்படிப் போகிறவர் மோதல் நடந்த இடத்தை மட்டும் பார்க்கக் கூடாது. கோரிப்பாளையம், காளவாசல் போன்ற சந்திப்புகளில் வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது என்பதை இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளியுள்ள பெட்ரோல் பங்க், ஏடிஎம், கல்யாண மண்டபம், வீட்டு வாசல் கேமராக்கள் காட்டக்கூடும். மோதலுக்கு முந்தைய பத்து வினாடியில்தான் யார் ஓரமாக வந்தார், யார் முந்தினார் என்பது தெரியும். அந்தப் பத்து வினாடி பெரும்பாலும் வேறொரு கடையின் கேமராவில் இருக்கிறது.

கடைக்காரர் கொடுக்க மறுக்கிறார். என்ன செய்வது?

சண்டை போடாதீர்கள். "கோர்ட்டுக்கு அலைய விடுவீங்க" என்ற அச்சம்தான் அவருக்கு. அது நியாயமான அச்சமும்கூட. முதலில் அந்தப் பதிவை மட்டும் தனியே சேமித்து வைக்கும்படி கேளுங்கள், அதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பிறகு விபத்து நாள், நேரம், கடையின் பெயர், கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையெல்லாம் குறிப்பிட்டு, பதிவைக் கைப்பற்றும்படி காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ மின்னணுச் சாதனத்தையோ ஒப்படைக்கும்படி காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிடலாம். இழப்பீட்டு மனு தாக்கல் செய்த பிறகு என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் செய்யவும், அந்த மனுவை விசாரிக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் அந்த உத்தரவு கடைக்குப் போய்ச் சேரும்போது டிஸ்க்கில் பதிவு இருக்க வேண்டுமே; அதனால்தான் முதல் வேண்டுகோள் சேமிப்புக்காக இருக்கட்டும் என்கிறேன்.

சிக்னலில் உள்ள போலீஸ் கேமரா, சுங்கச்சாவடிக் கேமரா ஆகியவற்றின் பதிவு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்க வேண்டிய இடம் வேறு. மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற பகுதிகள் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும், புலனாய்வு அதிகாரிக்குக் கொடுத்த மனுவின் நகலை அனுப்புங்கள். நான்குவழிச் சாலை என்றால் சுங்கச்சாவடி மேலாளருக்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கலாம், ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் பதில் வரும் நாளில் பதிவு இருக்காது. "இன்ன தேதி, இன்ன நேரப் பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டுகிறோம்" என்ற ஒரு பக்கக் கடிதம் முதலில் போகட்டும்.

பதிவை நகல் எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இந்த ஒரு கேள்வியில்தான் பல நல்ல வழக்குகள் பழுதாகின்றன. மானிட்டரில் ஓடுகிற படத்தைச் செல்போனால் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது பரவாயில்லை, அவ்வளவுதான். பென் டிரைவை டிவிஆரில் செருகி, அதன் மெனுவிலிருந்தே அந்த நேரப் பகுதியை எடுக்க வேண்டும். சில பெட்டிகள் டிஏவி போன்ற தங்களுக்கே உரிய வடிவத்தில் கொடுக்கும். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை என்று அதை எம்பி4-ஆக மாற்றிவிட்டு மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். மூலக் கோப்பு, ஓடக்கூடிய நகல், அதை ஓட்டும் பிளேயர் மென்பொருள் மூன்றும் இருக்கட்டும். மோதலுக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் பின்பு வரை எடுங்கள்.

அடுத்தது கடிகாரம். டிவிஆரின் கடிகாரம் சரியாக ஓடுவதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் நேரம் தவறிவிடும். கீழவாசல் பக்கம் நடந்த ஒரு விபத்தில், எஃப்.ஐ.ஆரில் இரவு 7.40 மணி என்று இருந்தது. மருந்துக் கடைப் பதிவின் மூலையிலோ 7.17 என்று ஓடியது. "இது வேறு சம்பவம்" என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொண்டார். அடிபட்டவரின் தம்பி, கல்லூரி மாணவர், நகல் எடுத்த அன்று தன் செல்போனை மானிட்டருக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, நண்பரின் போனால் இரண்டு கடிகாரமும் ஒரே படத்தில் விழும்படி ஒரு புகைப்படம் எடுத்து வைத்திருந்தார். செல்போனில் மணி 11.52, டிவிஆரில் 11.29. அதே இருபத்து மூன்று நிமிட வித்தியாசம். 108-க்குப் பேசிய நேரத்தையும் அதனோடு வைத்துப் பார்த்தபோது அந்த ஆட்சேபம் அங்கேயே முடிந்தது. எவரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பிள்ளை செய்த காரியத்தைத்தான் இப்போது நான் எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிறேன்.

"63 சான்றிதழ்" என்கிறார்களே, அது என்ன?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது அதனோடு ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பொருந்தும். புதிய சட்டத்தின் அட்டவணையிலேயே சான்றிதழின் மாதிரி இருக்கிறது. முதல் பகுதியில், டிவிஆர் யார் பொறுப்பில் இருந்தது, அது ஒழுங்காக இயங்கியதா, பதிவு எந்தச் சாதனத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சாதனத்துக்குப் பொறுப்பானவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதி நிபுணர் ஒருவரால் நிரப்பப்பட வேண்டும். யாருடைய கையெழுத்தை ஏற்பார்கள் என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பகுதியிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பு எழுதப்பட வேண்டும்.

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. எஸ்ஹெச்ஏ256 முறையில் கணக்கிட்டால் 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை வரும்; வீடியோவில் ஒரே ஒரு படச்சட்டத்தை (ஃபிரேமை) வெட்டினாலும் அந்த வரிசை முழுவதும் மாறிவிடும். எனவே நகல் எடுத்த அன்றே கணக்கிட்டு எழுதிவைத்தால், பின்னாளில் "எடிட் செய்திருக்கிறார்கள்" என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போகும்.

சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கிலும், 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் தெளிவாக்கியது. மூலச் சாதனத்தையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும், சான்றிதழ் தர ஒருவர் மறுத்தால் நீதிமன்றம் வழியாக அவரைத் தரச் செய்யலாம் என்றும் இரண்டாவது தீர்ப்பில் சொல்லப்பட்டிருக்கிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சுருக்க முறையில் விசாரிக்கிறது, சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகள் அங்கே அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனாலும் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆட்சேபம் இதுதான் என்பதால், கடைக்காரர் மனமுவந்து கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் அந்த முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. இரண்டு வருடம் கழித்துப் போனால் கடையே கை மாறியிருக்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோ எங்களிடம் இருக்கிறது. அது செல்லுமா?

அது எங்கிருந்து கிளம்பியது என்பதைக் கண்டுபிடிக்க உதவும் துப்பாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு, தெளிவு குறைந்து, எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடுகின்றன. வண்டி எண் மூலத்தில் படிக்க முடிந்திருக்கும். ஐந்தாவது கைக்கு வரும்போது வெள்ளைத் திட்டாக இருக்கும். குழுவில் முதலில் போட்டவரை விசாரித்து, படம் பிடித்தவரைச் சென்றடைந்து, அவருடைய போனில் இருக்கும் மூலக் கோப்பைக் கேபிள் வழியாகவோ டாக்குமென்ட்டாகவோ வாங்குங்கள். அவர் சாட்சியாக வரவும் சம்மதித்தால் அதைவிட நல்லது வேறில்லை. உதவி செய்தவர்களைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது. அடிபட்டவரைத் தூக்கிவிட்டவரே படமும் எடுத்திருந்தால், அவரிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

வீடியோவை வைத்து வண்டியின் வேகத்தை நிரூபிக்க முடியுமா?

ஓரளவு முடியும். படத்தில் தெரியும் இரண்டு நிலையான அடையாளங்களை, உதாரணமாக ஒரு மின்கம்பத்தையும் ஒரு வேகத்தடையின் விளிம்பையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். தூரம் 10 மீட்டர், பதிவு வினாடிக்கு 15 படச்சட்டம், வண்டி அந்தத் தூரத்தை 12 படச்சட்டங்களில் கடந்தது என்றால், எடுத்துக்கொண்ட நேரம் 0.8 வினாடி, வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். கணக்கு எளிதாகத் தெரிந்தாலும், கடைக் கேமராக்களின் அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் வரும் தூரங்களை வளைத்துக் காட்டும். சில டிவிஆர்கள் இடையிடையே படச்சட்டங்களை விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே நாமே கணக்குப் போட்டு மனுவில் எண்ணை எழுதிவிடாமல், தேவைப்பட்டால் நிபுணரைக் கொண்டு சொல்ல வைப்பதே சரி. உண்மையில் பெரும்பாலான வழக்குகளில் வேகத்தின் எண் அவசியமில்லை. மையக்கோட்டைத் தாண்டி வந்ததும், சிக்னலை மீறியதும், இன்டிகேட்டர் போடாமல் திரும்பியதும் போதும்.

வீடியோவே இல்லையென்றால் வழக்கு தோற்றுவிடுமா?

இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவில் நிரூபித்தால் போதும், குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பிம்லா தேவி வழக்கில் கூறியிருக்கிறது. கண்ணால் கண்ட சாட்சி, பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம் (அந்த இடத்தைக் காட்டும் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலான வழக்குகள் இன்றும் தீர்க்கப்படுகின்றன. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, புலனாய்வு அதிகாரி விபத்து இடத்தையும் வாகனங்களையும் படம் பிடித்து, 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டது. வீடியோ உதவுமா?

எல்லா வகை வழக்குகளிலும் வீடியோ அதிகமாக உதவுவது இதில்தான். வண்டி அடையாளம் தெரியாமலே போனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின் திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் மட்டுமே கிடைக்கும். வண்டி எண் கிடைத்துவிட்டால், வருமானம், வயது, ஊனத்தின் அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டு 166-ஆம் பிரிவில் முழு இழப்பீடு கேட்கலாம். இரண்டுக்கும் உள்ள தூரம், ஒரு குடும்பம் பிள்ளைகளைத் தொடர்ந்து படிக்க வைப்பதற்கும் படிப்பை நிறுத்துவதற்கும் உள்ள தூரம்.

எண் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். லாரியின் கேபின் நிறம், தார்ப்பாயின் நிறம், பின்னால் எழுதியிருக்கும் வாசகம், உடைந்த விளக்கு என்று கண்ணில் படுகிறதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஒத்தக்கடைப் பக்கம் அடித்துவிட்டு மேலூர் நோக்கிப் போன வண்டி சிட்டம்பட்டி சுங்கச்சாவடியையும், சுற்றுச்சாலையிலிருந்து திருமங்கலம் நோக்கிப் போன வண்டி கப்பலூர் சுங்கச்சாவடியையும் சில நிமிடங்களில் கடந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கே முன்பக்க எண் பலகை தெளிவாக விழுந்திருக்கும். ஃபாஸ்டேக் விவரமும் பதிவாகியிருக்கும். அந்த நேர இடைவெளியைக் கணக்கிட்டு மனுவில் எழுதிக் கொடுத்தால், புலனாய்வு அதிகாரியின் வேலை பாதி குறையும்.

வீடியோவில் எங்கள் ஆள் ஹெல்மெட் போடவில்லை, வண்டியில் மூன்று பேர் இருந்தார்கள் என்று தெரிகிறது. இழப்பீடு கிடைக்காதா?

கிடைக்கும். மூன்று பேர் போனது சட்டமீறல்தான். ஆனால் அந்த மீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தது என்று காட்டப்படாதவரை, அதை மட்டும் வைத்துப் பங்களிப்புக் கவனக்குறைவு (அடிபட்டவர் பக்கமும் தவறு உண்டு) என்று இழப்பீட்டைக் குறைக்க முடியாது என உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் முகமது சித்திக் வழக்கில் தீர்ப்பளித்தது. ஹெல்மெட் விஷயத்தில், தலைக்காயம் என்றால் வாதம் எழும். கால் முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தமில்லை. பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கோ ஆட்டோவில் பயணம் செய்தவருக்கோ, இரண்டு ஓட்டுநர்கள் மீதும் தவறு இருந்தாலும், எவரேனும் ஒரு தரப்பிடமிருந்தே முழுத் தொகையையும் கேட்கும் உரிமை உண்டு.

எங்களுக்குப் பாதகமான பகுதியை வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா?

கூடாது. காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளரும் அதே வாரம் அதே கடைக்குப் போயிருப்பார். முழுப் பதிவு அவரிடம் இருக்கலாம். வெட்டியது வெளிப்பட்ட நொடியில், உண்மையாக இருந்த மற்றவையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். நம் பக்கம் ஓரளவு தவறு இருந்தால் அந்த விகிதத்துக்குத் தொகை குறையும், முழுதாகப் போய்விடாது. பாதகமான பகுதி இருந்தால் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் கேட்டு அதிர வேண்டிய இடம் நீதிமன்றம் அல்ல.

காயத்தையும் ஊனத்தையும் காட்ட வீடியோ எடுத்துக் கொடுக்கலாமா?

துணையாகக் கொடுக்கலாம். ஊனத்தின் அளவை மருத்துவக் குழுவின் சான்றுதான் முடிவு செய்யும். ஆனால் சதவீதம் என்ற எண்ணால் சொல்ல முடியாத ஒன்று உண்டு: தறி மிதித்தவரோ கொத்தனாரோ இன்று எதைச் செய்ய முடியாமல் இருக்கிறார் என்பது. உடலின் ஊனச் சதவீதம் வேறு, பிழைப்பில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருப்பதால், ஏணியில் கால் வைக்க முடியாமல் நிற்கும் ஒரு நிமிடப் பதிவு அந்த இடத்தில் பேசும். அதில் நடிப்பு துளியும் இருக்கக் கூடாது. எதிர்த்தரப்பும் மனுதாரரைத் தெருவில் படம் பிடிப்பதுண்டு.

மனுவை எங்கே, எப்போது தாக்கல் செய்ய வேண்டும்?

விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எதற்குரிய தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். ஓசூரில் அடிபட்டிருந்தாலும் மதுரைவாசி மதுரையிலேயே மனுப் போடலாம். விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்ற காலவரம்பு சட்டத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டிருப்பதால், அதற்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாமல் வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தரும்.

நீதிமன்றத்தில் வீடியோவை எப்படிப் போட்டுக் காட்டுவார்கள்? நாங்கள் பார்க்க வேண்டியிருக்குமா?

பென் டிரைவும் சான்றிதழும் மனுதாரர் தரப்பு ஆவணமாகக் குறியிடப்படும். பெரும்பாலும் வழக்கறிஞரே மடிக்கணினி கொண்டுவருவார். பிளேயர் மென்பொருளை முன்தினமே ஓட்டிப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் "இதில் வருவது யார்?" என்று கேட்பார்கள். இறந்தவரின் மனைவியோ தாயோ முதல் சாட்சியாக இருந்தால், அந்தக் காட்சியை அவர் அங்கேதான் முதன்முறையாகப் பார்க்கிறார் என்ற நிலை வரவே கூடாது. எங்கள் அலுவலகத்தில், வீடியோவை அடையாளம் காட்டும் பொறுப்பைக் கடைக்காரரிடமோ, நகல் எடுத்த உறவினரிடமோ விட்டுவிட்டு, அந்த அம்மாளின் சாட்சியத்தைக் குடும்பம், வருமானம், வயது என்பவற்றோடு நிறுத்திக்கொள்ள முயல்கிறோம். வீடியோ ஓடும் நாளில் அவர் வர வேண்டியதில்லை. வந்தாலும், அந்த நேரத்தில் வெளியே மரத்தடிப் பெஞ்சில் அவரோடு உட்கார்ந்திருக்க வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரச் சொல்லுகிறோம்.